அயல்நாட்டுக் கல்வியும் தாய்நாட்டுப் பற்றும்

மேற்படிப்பிற்கென அயல்நாடு சென்ற நம் மாணவர்கள், தம் ஆசிரியர்களுக்கும் ஆயர்களுக்கும் விடுக்கும் செய்திகளில் ஒன்றைப் பெரும்பாலும் தவறாமல் குறிப்பிடுகின்றனர். ஊரில் இருந்த நாளில் தமக்குத் தோன்றாத நாட்டுப்பற்று, கடல் கடந்த பின்னர் தம் உள்ளத்தில் பொங்கியெழுகிறது என்பதே அது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களிலிருந்து பொறியியலும் மருத்துவமும் பயிலச் சென்றவர்களாயினும், இறையியல் பயிலச் சென்ற குருமாராயினும், இதில் வேறுபாடு இல்லை. சுதந்தர நாள் கொடியேற்றத்திற்கு ஊரில் ஒருநாளும் போயிராத இளைஞன், பனி கொட்டும் நகரமொன்றில் மூவண்ணக் கொடியைக் கண்டவுடன் கண் கலங்குகிறான்.

இவ்வுணர்வு எத்தகையது? இது வெறும் ஏக்கமா, செருக்கா, அன்றி இறைவன் ஒரு மனிதனைத் தன் மக்களிடம் திரும்ப அனுப்புவதற்குப் பயன்படுத்தும் கருவியா? இவ்வினாவிற்கு விடை காண்பது, மாணவர்களை அனுப்புகிற இறையியற் கல்லூரிகளுக்கும், அவர்களை வளர்த்த சபைகளுக்கும் அவசியமாகும். ஏனெனில், அவர்கள் திரும்பி வரும்போது அப்பற்றும் அவர்களோடு வருகிறது. அதை ஏற்று வழிநடத்த நாம் ஆயத்தமாயில்லையெனில், சில திங்களில் அது அவிந்துபோகும். அல்லது வீண் பெருமையாகத் திரிந்துவிடும்.

1. மூன்று கூறுகள்

அவ்வுணர்வினுள் மூன்று கூறுகள் கலந்திருப்பதாக நாம் காண்கிறோம். அவற்றைப் பிரித்தறிவது நலம்.

முதலாவது, நினைவேக்கம். தாய்மொழியின் ஓசை, அன்னையின் கைச்சமையல், ஆலய மணி, நம் கீர்த்தனைகள், கரிசல் நிலத்தில் முதல் மழை விழுந்தவுடன் எழும் மணம் ஆகியவற்றை மனம் தேடுகிறது. சிவகாசியில் அச்சாகிய நாட்காட்டி ஒன்று அயல்நாட்டு அறையின் சுவரில் தொங்குமாயின், அதுவே ஊராக நிற்கிறது. இது இயற்கையானது, இழிவானதன்று. ஆயினும் இதனை நாட்டுப்பற்று என்று கூற இயலாது. தொலைவிலிருந்து நோக்கும் கண்ணுக்கு ஊரின் வெயிலும் புழுதியும் தோன்றுவதில்லை. கடனும் கண்ணீரும் தோன்றுவதில்லை. நினைவேக்கம் நேசிப்பது நாட்டை அன்று. நாட்டைப் பற்றிய ஓர் ஓவியத்தையே அது நேசிக்கிறது.

இரண்டாவது, புண்பட்ட தன்மானம். நிறத்தைக் கண்டு ஒதுக்குவோர், நம் நாட்டைப் பற்றி வறுமையும் சாதியும் மட்டுமே அறிந்திருப்போர் ஆகியோர் நடுவில் வாழும் மாணவன், தன்னையறியாமலே தன் நாட்டிற்கு வழக்கறிஞனாகிறான். ஊரில் தான் எதிர்த்துப் பேசிய வழக்கங்களையும் அங்கே நியாயப்படுத்தத் தொடங்குகிறான். இதில் ஒரு நன்மையும் உண்டு. ஊரில் இன்ன தெரு, இன்ன சாதி, இன்ன திருமண்டலம் என்று அறியப்பட்டவன், அயல்நாட்டில்தான் முதன்முறையாக இந்தியன் என்று அழைக்கப்படுகிறான். பஞ்சாபியும் வங்காளியும் தன் உடன்பிறந்தோர் என்று உணர்கிறான். இதிலுள்ள தீமையையும் நாம் மறைத்தல் ஆகாது. தன்மானம் காயம்பட்ட இடத்தில் செருக்கு எளிதில் வேர்கொள்ளும். அயல்நாட்டு நகரங்களில் சாதியின் பெயராலேயே சங்கங்கள் அமைவதை இன்றும் காண்கிறோம்.

மூன்றாவது, வினா. தொலைவு தரும் தெளிவினால், உள்ளிருந்தபோது இயல்பெனத் தோன்றியவை இப்போது காரணம் கேட்கின்றன. எங்கள் மக்கள் இவ்வளவு உழைத்தும் ஏன் ஏழைகளாயிருக்கின்றனர்? எங்கள் ஊரில் ஏன் இவ்வாறு நடக்கிறது? இவ்வினா பிறக்கும் இடத்தில்தான் மெய்யான நாட்டுப்பற்று பிறக்கிறது என்பது நம் கருத்து. முதலிரண்டு கூறுகளும் மனிதனைத் தன்னை நோக்கித் திருப்புகின்றன. மூன்றாவதே அவனைத் தன் மக்களை நோக்கித் திருப்புகிறது.

அயல்நாட்டுக் கல்வி ஒருவனைத் தன் சொந்த உடைமையைக் கண்டறியச் செய்வது புதிதன்று. காந்தியடிகள் பகவத்கீதையை முதன்முதலில் ஊன்றிப் படித்தது, 1888 முதல் 1891 வரை அவர் இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில்தான். அதுவும் எட்வின் ஆர்னால்டு செய்த ஆங்கில மொழியாக்கத்தின் வாயிலாக. பிலிப்பைன்ஸ் நாட்டு ஹோசே ரிசால் மருத்துவம் பயில ஐரோப்பா சென்றவர். தம் மக்களின் துயரைச் சித்திரித்த அவருடைய முதல் நாவல் 1887 இல் பெர்லின் நகரில் அச்சேறியது. எனினும், நம் ஆய்விற்கு இவர்களினும் மிக நெருக்கமானவர் ஒருவர் உளர். அவர் தமிழர், சீர்திருத்தச் சபையைச் சார்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை விருதுநகருக்கு அணித்தாயுள்ள தே. கல்லுப்பட்டியில் கழித்தவர். அவரே ஜே. சி. குமரப்பா.

2. இரண்டு பயணங்கள்

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியுஸ் என்னும் பெயருடன் 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்த இவர், இருமுறை அயல்நாடு சென்று கல்வி பயின்றார். இவ்விரு பயணங்களையும் ஒப்பிட்டு நோக்குவது நமக்கு மிகவும் பயன்தரும்.

முதற்பயணம் முதல் உலகப்போருக்குச் சற்று முன்னர் நிகழ்ந்தது. இலண்டனில் கணக்காய்வுத் தொழிலைக் கற்றுத் தேர்ந்து, அங்கேயே பணியாற்றிப் போர் முடிந்தபின் 1919 இல் இந்தியா திரும்பினார். பம்பாயில் கணக்காய்வாளராக நல்ல வருவாயுடன் வாழ்ந்தார். அவருடைய உடை மேனாட்டு உடை. பழக்கவழக்கங்கள் மேனாட்டுப் பழக்கவழக்கங்கள். ஆங்கிலேய ஆட்சி இந்தியாவிற்கு நன்மையே செய்துவருகிறது என்று, அக்காலத்து வசதிபெற்ற கிறிஸ்தவக் குடும்பத்தார் பலரும் எண்ணியவாறே அவரும் எண்ணினார். ஆண்டுகள் பல இலண்டனில் வாழ்ந்தும் அவர் உள்ளத்தில் விடுதலை வேட்கை எழவில்லை என்பது நோக்கத்தக்கது.

இரண்டாம் பயணம் 1927 இல் தொடங்கியது. அமெரிக்கா சென்ற அவர், சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்று 1928 இல் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பற்றிய மேற்படிப்பை மேற்கொண்டார். அக்காலத்தில் தேவாலயம் ஒன்றில், இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது என்னும் பொருள்பற்றி அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதன் செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதைக் கண்ட அவருடைய பேராசிரியர், வரியியல் அறிஞர் எட்வின் செலிக்மன், அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு அவருக்கு அறிவுரை கூறினார்.

இவ்வறிவுரையே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. கணக்குப் புத்தகங்களைத் துருவி ஆராய்வதில் தேர்ந்த அவர் கண்கள், இந்திய அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்கின்மீது திரும்பின. ஏழைக் குடியானவனிடமிருந்து திரட்டிய வரிப்பணம் எங்கே செல்கிறது என்று அவர் தேடினார். படைச்செலவு, கடனுக்கான வட்டி, உயர்ந்த ஊதியம் பெறும் நிர்வாகம் ஆகியவற்றிற்குப் பெரும்பகுதி போவதையும், கல்விக்கும் உடல்நலத்திற்கும் எஞ்சுவது சொற்பமே என்பதையும் கண்டார். ஆட்சியின் நன்மையைப் பற்றித் தாம் கொண்டிருந்த நம்பிக்கை, அரசாங்கத்தின் எண்களாலேயே தகர்வதை அவர் உணர்ந்தார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். ஒரே மனிதர் இருமுறை அயல்நாடு சென்றார். முதன்முறை அது அவரை ஆங்கிலக் கனவானாக்கிற்று. இரண்டாம் முறை தேசத்தொண்டராக்கிற்று. ஆகவே, அயல்நாட்டில் வாழ்வதே நாட்டுப்பற்றை உண்டாக்கும் என்று கூறுவது பொருந்தாது. முதற்பயணத்தில் அவர் கற்றது தம் பிழைப்பிற்கான தொழில். இரண்டாவதில் அவர் எழுப்பியது தம் மக்களைக் குறித்த வினா. வேறுபாடு தூரத்தில் இல்லை, வினாவில் இருந்தது.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. அவ்வினாவைச் சரியான சமயத்தில் கண்டுகொண்டு, அதையே ஆய்வு செய் என்று கூறியவர் ஓர் அயல்நாட்டு ஆசிரியர். நம் மாணவர்களுக்கு அவ்வாறு கூறுவார் எத்தனைபேர் உளர்? மேனாட்டு இறையியலாளர் ஒருவருடைய சிந்தனையில் ஒரு சிறு கூற்றை ஆராய்ந்து பட்டம் பெறுவது எளிது. தன் சொந்தச் சபையின் வாழ்வை ஆராய்ச்சிப் பொருளாக்கத் துணிவும் துணையும் வேண்டும்.

3. திரும்பியபின்

உணர்வின் உண்மை திரும்பியபின்னரே சோதிக்கப்படுகிறது. 1929 இல் தாயகம் திரும்பிய அவர், கொர்னேலியுஸ் என்பதை விடுத்துக் குமரப்பா என்னும் தம் குடும்பப் பெயரை ஏற்றார். அவ்வாண்டு மே மாதத்தில் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். அவருடைய ஆய்வுரையை அடிகள் தமது யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். அதோடு நின்றிருந்தால், குமரப்பாவின் பற்று ஒரு நல்ல நூலாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

அடிகளோ அவரிடம் வேறொரு பணியை ஒப்படைத்தார். குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களை உடனழைத்துக்கொண்டு, கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் ஊர்களில் பொருளாதார ஆய்வு நடத்துமாறு வேண்டினார். கொலம்பியாவில் நூலகத்தில் அமர்ந்து கணக்குகளைப் படித்தவர், இப்போது ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு குடும்பத்தின் நிலம், விளைச்சல், கடன், வரி ஆகியவற்றைக் கேட்டறிந்து எழுதினார். நியூயார்க்கில் எண்களாயிருந்த வறுமை, மாதரில் முகங்களாயிற்று. அயல்நாட்டில் பிறந்த பற்று, தாய்மண்ணில் நடந்து திரிந்தே கால்கொண்டது எனலாம்.

பம்பாயின் வருவாயுள்ள தொழிலை அவர் கைவிட்டார். கதராடை அணிந்தார். விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். 1934 இல் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் நிறுவப்பட்டபோது அதன் செயலாளராகி, வார்தாவிலுள்ள மகன்வாடியில் எண்ணெய் ஆட்டுதல், காகிதம் செய்தல், தேனீ வளர்த்தல் முதலிய தொழில்களைச் செம்மைப்படுத்தும் பணியில் ஈடுபட்டார். 1942 ஆம் ஆண்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து சிறையிலிருந்த காலத்தில், நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலையும் இயேசுவின் போதனையும் நடைமுறையும் பற்றிய நூலையும் எழுதினார். பொருளாதார நூலும் இயேசுவைப் பற்றிய நூலும் ஒரே சிறையில், ஒரே கையால் எழுதப்பட்டன என்பதை இறையியல் மாணவர் மறத்தலாகாது. அவருக்கு அவை இரண்டு வேறு பொருள்கள் அல்ல.

அவருடைய பற்று திருச்சபையின் உயர்ந்தோரையும் வினவத் தயங்கவில்லை. 1930 இல் சட்டமறுப்பு இயக்கம் எழுந்தபோது, இந்தியாவின் மெட்ரோபாலிட்டன் பேராயராகிய பாஸ் வெஸ்ட்காட் அதைக் கண்டித்தார். அகிம்சையைக் கைக்கொண்டு துன்பத்தை ஏற்கும் இயக்கம் கிறிஸ்துவின் நெறிக்கு மாறானது எங்ஙனம் என்று கேட்டுக் குமரப்பா அவருக்கு எழுதினார். அவர் சபையை வெறுத்து வெளியேறியவர் அல்லர். அதன் திருமறையை ஏந்தியே அதன் தலைவரை வினவினார்.

நாடு விடுதலை பெற்றபின்னும் அவர் வினாக்கள் ஓயவில்லை. காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராயிருந்து, உழுவோருக்கு நிலம் உரியதாதல் வேண்டும் என்னும் நோக்கில் 1949 இல் அறிக்கை அளித்தார். புதிய அரசாங்கம் பெருந்தொழில்களையே நாடிச் சென்றதை வெளிப்படையாகக் கண்டித்தார். அந்நியர் ஆண்டபோது எதைக் கேட்டாரோ, அதையே நம்மவர் ஆண்டபோதும் கேட்டார். நாட்டுப்பற்றையும் நாட்டுச் செருக்கையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் இதுவே. செருக்கு அந்நியனிடத்தில் மட்டும் குற்றம் காணும். பற்று தன் வீட்டைத் தானே பெருக்கும்.

இறுதியில் அவர் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் உயிர்நீத்த அதே நாளில், மதுரையில் காலமானார். இலண்டனும் நியூயார்க்கும் கண்ட அந்த வாழ்வு, நம் கரிசற்சீமையின் விளிம்பில் வந்து நிறைவுற்றது.

4. திருமறையின் ஒளியில்

அயலில் இருந்துகொண்டு தாயகத்தை நினைத்தவர்கள் திருமறையில் பலர் உளர். பாபிலோனின் ஆறுகளருகே அமர்ந்து சீயோனை நினைத்து அழுதோரின் பாடல் 137 ஆம் சங்கீதமாக நமக்குக் கிடைத்துள்ளது. நினைவேக்கத்திற்கு அதனினும் அழகிய வடிவம் இல்லை. ஆயினும், கண்ணீரில் தொடங்கும் அச்சங்கீதம், பகைவரின் குழந்தைகளுக்குத் தீங்கு விரும்புவதில் முடிகிறது. ஆலய வழிபாட்டில் அக்கடைசி அடிகளை நாம் பெரும்பாலும் வாசியாது விடுகிறோம். ஆனால் இறையியல் மாணவர் அவற்றை விட்டுவிடலாகாது. ஏக்கமும் புண்பட்ட தன்மானமும் மட்டுமே கொண்ட தாயகப்பற்று எங்கே போய்ச் சேரும் என்பதற்கு அவை எச்சரிக்கை.

இதற்கு எதிரே, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தை வைத்துப் பார்த்தல் தகும். அங்கே வீடு கட்டவும், தோட்டம் போடவும், அந்நகரத்தின் சமாதானத்தைத் தேடவும் அவர் கட்டளையிடுகிறார். தாயகத்தை நேசிப்பதற்காகத் தங்கியிருக்கும் நாட்டை வெறுக்க வேண்டியதில்லை என்பது தெளிவு. செலிக்மனை மதித்துக் கற்ற குமரப்பா இதற்குச் சான்று.

எனினும், நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானவர் நெகேமியாவே. சூசான் அரண்மனையில் அரசனுக்குப் பானபாத்திரக்காரராயிருந்தவர் அவர், வசதிக்குக் குறைவில்லை. எருசலேமிலிருந்து வந்தவர்களிடம் அவர் தாமாகவே ஊர்நிலையை விசாரிக்கிறார். மதில் இடிபட்டுக் கிடப்பதைக் கேட்டு அழுகிறார். அவ்வழுகையில் பெருமை இல்லை. தாமும் தம் தகப்பன் வீட்டாரும் செய்த பாவத்தை அறிக்கையிடுகிறார். பின்னர் விடைபெற்று ஊர் திரும்புகிறார். திரும்பியவுடன் அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. இராக்காலத்தில், சிலரை மட்டும் உடனழைத்து, இடிந்த மதிலைச் சுற்றிப் பார்வையிடுகிறார். நிலத்தை அடகுவைத்து, பிள்ளைகளை அடிமைகளாக ஒப்புவிக்க நேர்ந்த ஏழைகள் கூக்குரலிட்டபோது, வட்டி வாங்கிய தம் இனத்துப் பெரியோர்களையே கடிந்துகொள்கிறார். அதிபதிக்குரிய படியையும் தாம் வாங்காது விட்டுவிடுகிறார்.

விசாரித்தல், அழுதல், அறிக்கையிடுதல், திரும்புதல், நேரிற் காணுதல், தம்மவரைக் கடிந்துகொள்ளுதல், தம் உரிமையை விட்டுக்கொடுத்தல் என்னும் இப்படிகளைக் குமரப்பாவின் வாழ்வோடு ஒப்பிட்டு நோக்குவோர், நூலகத்து எண்களும் மாதர் வட்டத்துப் பயணமும் நெகேமியாவின் இராப்பயணத்திற்கு எவ்வளவு அணுக்கமானவை என்பதை உணர்வர்.

தாயகப்பற்று திருச்சபைப் பணியாகவும் மலரக்கூடும். பின்னாளில் தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902 இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டித் தங்கள் ஊழியரை அயலிடங்களுக்கு அனுப்புவதைக் கண்டார். நம் திருநெல்வேலிச் சபை இதை ஏன் செய்யவில்லை என்னும் வினா அவரைப் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1903 இல், திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் தோன்றிற்று. 1905 இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. அவர் சென்றது படிப்பிற்காக அன்று. கடந்ததும் குறுகிய கடலே. ஆயினும் அயலில் கண்டதைத் தன் மக்களைக் குறித்த வினாவாக மாற்றும் கண் அவருக்கு இருந்தது.

5. நம் வட்டாரம்

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். மழை குறைந்த இக்கரிசற்பூமியில் பிழைக்க வழியின்றி மக்கள் தவித்த காலத்தில், சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 இல் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினர். வேளாண்மைக்குச் சாபமாயிருந்த வறட்சியே தீக்குச்சி உலர்வதற்கு வரமாயிற்று. அதிலிருந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. வெளியூர் சென்று கற்றதை ஊருக்குக் கொணர்ந்ததன் பலனே இன்றைய சிவகாசி. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயிலும் நம் பிள்ளைகள் பலருடைய படிப்புச் செலவும் இத்தொழில்களிலிருந்தே வருகிறது.

ஆனால் அத்தொழிலின் மறுபக்கமும் நாம் அறிந்ததே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்தும் பல குடும்பங்களை அழித்தது. கோடை வெப்பம், மருந்துக் கலவையில் நேரும் உராய்வு, ஓர் அறையில் அளவிற்கு மிஞ்சிய ஆட்கள், எண்ணிக்கைக்கேற்ற கூலியால் எழும் அவசரம், சட்டத்திற்கு மாறான உள்குத்தகை ஆகியவை ஒவ்வொரு விபத்திற்குப் பின்னும் பேசப்படுகின்றன, பின்னர் மறக்கப்படுகின்றன. 2018 இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்து விதித்த நிபந்தனைகளால் மாசு குறையும் என்பது ஒருபுறம். கூலிக்கு உழைப்போரின் வேலைநாட்கள் என்னவாகும் என்னும் கவலை மறுபுறம். இவ்வினாக்களுக்கு முழக்கங்கள் விடையாகா. வேதியியலும், தொழிற்சட்டமும், பொருளாதாரமும், இறையியலும் கற்றோர் கூடி ஆராய்ந்தே விடை காணுதல் வேண்டும்.

நம் சபைகளில் ஆலை உரிமையாளரும் மருந்தறைத் தொழிலாளரும் ஒரே பந்தியில் முழங்காற்படியிட்டு, ஒரே அப்பத்தில் பங்குபெறுகின்றனர். அயல்நாட்டிலிருந்து திரும்பிவரும் இளைஞனுக்கு மாலையிட்டு வரவேற்கவும், அவன் மேனாட்டு அனுபவங்களைக் கேட்டு மகிழவும் நாம் ஆயத்தமாயிருக்கிறோம். ஆனால் அவன், எங்கள் ஊரில் ஏன் இவ்வாறு நடக்கிறது என்று கேட்டால்? அப்போது நாம் முகம் சுளிப்போமாயின், அவன் நாட்டுப்பற்றை நினைவேக்கத்திற்கே திருப்பி அனுப்பிவிடுகிறோம். அவன் பொங்கல் விழாவும் கொடியேற்றமும் கொண்டாடி மனநிறைவு அடைவான். மருந்தறையின் கதவை ஒருநாளும் தட்டமாட்டான்.

அயல்நாடு செல்லாதவர் நாட்டுப்பற்றில் குறைந்தவர் என்று எவரும் எண்ணவேண்டா. 1903 இல் விருதுநகரில் பிறந்த காமராசர், பள்ளிப்படிப்பையே இடையில் விட்டவர். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வாராமைக்குக் காரணம் பசி என்பதைக் கண்டு மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்குவதற்கு, அவருக்கு அயல்நாட்டுப் பட்டம் தேவைப்படவில்லை. மக்கள் நடுவே நடந்து திரிந்தவருக்கு அவ்வினா ஊரிலேயே கிடைத்தது. குமரப்பாவிற்கு அது நியூயார்க் வழியாகச் சுற்றிவந்தது. எங்கே பிறந்தது என்பதன்று, எங்கே கொண்டுசேர்த்தது என்பதே முதன்மையானது.

அவ்வாறே, தாயகத்தை விட்டு வேறொரு மக்களை நேசித்தவர்களையும் நாம் மறத்தலாகாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, வட திருநெல்வேலியில் ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவித்த ராக்லண்டு ஐயர், 1858 இல் சிவகாசியிலேயே உயிர்நீத்தார். தாய்நாட்டுப் பற்று உயர்ந்தது. ஆயினும் அதுவே அன்பின் எல்லையன்று என்பதை அவருடைய மரணம் நமக்கு உணர்த்துகிறது.

6. ஆயர்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, அயல்நாடு செல்லும் மாணவருடன் தொடர்பை அறுத்துவிடாதிருப்போமாக. வாழ்த்தும் நலம் விசாரிப்பும் மட்டும் போதா. ஊரின் மெய்யான செய்திகளையும், வேலையின்மை, கடன், விபத்து ஆகியவற்றையும் மறைக்காமல் எழுதுவோமாக. எருசலேமின் நிலையை உள்ளபடி உரைத்தவர்கள் இல்லையெனில், நெகேமியா அரண்மனையிலேயே இருந்திருப்பார்.

இரண்டாவதாக, அவர்களுடைய ஆய்வுப் பொருளைப் பற்றி அக்கறையுடன் விசாரிப்போமாக. இறையியற் கல்லூரிகள் தம் ஆசிரியர்களை அனுப்பும்போதே, நம் சபைகளின் வாழ்விலிருந்து எழும் வினாக்களை அவர்கள் கையில் கொடுத்தனுப்புதல் நலம்.

மூன்றாவதாக, திரும்பி வருவோரை உடனே பிரசங்கபீடத்தில் ஏற்றாது, சில காலம் சேகரத்து ஊர்களில் நடந்து, கேட்டு, எழுதும் பணியில் ஈடுபடுத்துவோமாக. மாதர் வட்டத்து அனுபவம் ஒவ்வொருவருக்கும் தேவை.

நான்காவதாக, திரும்ப இயலாதவர்களைக் குற்றவாளிகளாகக் கருதாதிருப்போமாக. கல்விக்கடனைத் தீர்க்கவும், பெற்றோரைக் காக்கவும் அங்கேயே உழைப்போர் பலர். அவர்களும் கேட்கவும், எழுதவும், ஊரின் நலனுக்காகத் தம் அறிவை அளிக்கவும் கூடும். எரேமியாவின் நிருபம் அவர்களுக்கும் உரியது.

ஐந்தாவதாக, அவர்களுடைய நாட்டுப்பற்றைச் சாதிப்பற்றும் மதப்பகையும் கவர்ந்துகொள்ளாதபடி, அன்போடும் கண்டிப்போடும் வழிகாட்டுவோமாக. புண்பட்ட மனத்திற்கு ஆறுதல் கூறுவது ஆயரின் கடமை; அப்புண்ணையே கொடியாக உயர்த்த விடாதிருப்பதும் அவர் கடமையே.

தே. கல்லுப்பட்டி நமக்குத் தொலைவில் இல்லை. இறையியல் மாணவர்கள் தம் கோடை விடுமுறையில் ஒருநாள் அங்குச் சென்றுவருவது நன்று. அடுத்த நாளே சிவகாசியைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஒன்றிற்குச் சென்று, கணவனையோ மகளையோ விபத்தில் இழந்த ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு வருவது அதனினும் நன்று. அங்கே பிறக்கும் வினாவோடு அயல்நாடு செல்பவர், எவ்வளவு தூரம் சென்றாலும் திரும்பும் வழியை அறிந்திருப்பார்.